ஒரே மாதிரி தப்பு: டாக்டர் லைசென்ஸ் தேர்வில் காப்பியைக் கணக்குப் போட்டுப் பிடிப்பது எப்படி?

பள்ளிக்கூடத்தில் காப்பி அடித்தவர்களை வாத்தியார் எப்படிக் கண்டுபிடிப்பார்? சரியான விடையை வைத்து இல்லை. இரண்டு பேர் 'காந்தி பிறந்த ஊர் போர்பந்தர்' என்று எழுதியிருந்தால் அது படிப்பு. இரண்டு பேரும் 'போர்பந்தல்' என்று எழுதியிருந்தால்தான், இவர்கள் எந்த பெஞ்சு, யார் பக்கத்தில் யார் என்று பார்ப்பார். சரியான விடை ஒன்றுதான், படித்தவர்கள் எல்லோரும் அங்கேதான் போய்ச் சேருவார்கள். தப்புக்கு ஆயிரம் வழி உண்டு. அதில் இரண்டு பேர் ஒரே சந்துக்குள் போனால் ஏன் என்று கேட்கத்தானே தோன்றும்?

இந்த வாத்தியார் யோசனையும் அதனுடைய தம்பிகள் இரண்டு மூன்றும் சேர்ந்துதான் 2024-இல் 832 பேருடைய அமெரிக்க மருத்துவத் தேர்வு முடிவுகளைச் செல்லாதவை ஆக்கின. யாரும் பிட்டோடு பிடிபடவில்லை. கேமராவில் யாரும் மாட்டவில்லை. டேட்டாதான் சாட்சி. லாக் ஃபைல்களைப் பார்த்தே வயிறு வளர்க்கும் என் மாதிரி ஆட்களுக்கு இது சும்மா விடமுடியாத விஷயம் என்பதால் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.

முதலில் தேர்வைப் பற்றி. அமெரிக்காவில் டாக்டராகத் தொழில் செய்ய யு.எஸ்.எம்.எல்.இ. என்ற தேர்வைத் தாண்ட வேண்டும். அதில் மூன்று 'ஸ்டெப்'கள். முதல் ஸ்டெப் அடிப்படை மருத்துவ அறிவியல்: ஒரே நாளில் எட்டு மணி நேரம், 2024-இல் 60 நிமிடம் கொண்ட ஏழு பகுதிகளாக இருந்தது, அதிகபட்சம் 280 கேள்விகள். இரண்டாவது ஸ்டெப் நோயாளியைப் பார்க்கும் அறிவு, ஒன்பது மணி நேரம். இந்த இரண்டையும் உலகத்தின் பல ஊர்களில் கம்ப்யூட்டர் சென்டர்களில் எழுதலாம். மூன்றாவதை அமெரிக்காவுக்குப் போய்த்தான் எழுத வேண்டும். வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படித்தவர்கள் முதல் இரண்டையும் பாஸ் செய்தால்தான் அங்கே ரெசிடென்ஸி என்ற பயிற்சி இடத்துக்குள் நுழைய முடியும். அமெரிக்காவில் இன்று வேலை பார்க்கும் டாக்டர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் வெளிநாட்டில் படித்தவர். நம் ஊர்க்காரர்களும் அதில் கணிசம். ஆகவே இந்தத் தேர்வின் நம்பகத்தன்மை எங்கோ ஒரு தேசத்துச் சமாச்சாரம் மட்டும் இல்லை.

இங்கே ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. நம் நீட் தேர்வு ஒரே நாள், ஒரே வினாத்தாள். தேர்வுக்கு முன்னால் கசிந்தால்தான் வம்பு. முடிந்த பிறகு அதை டீக்கடையில் ஒட்டினாலும் கவலையில்லை. யு.எஸ்.எம்.எல்.இ. அப்படி இல்லை. அது வருடம் முழுக்க நடக்கிறது. ஒரு பெரிய கேள்விக் கிடங்கு இருக்கிறது. அதிலிருந்து ஒவ்வொருவருக்கும் ஒரு கலவை வருகிறது. இன்று உங்களுக்கு வந்த கேள்வி மூன்று மாதம் கழித்து எனக்கு வரலாம்.

தினமும் புதுக் கேள்வி போட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். முடியாது. ஜனவரியில் எழுதியவரையும் ஆகஸ்டில் எழுதியவரையும் ஒரே தராசில் நிறுத்த வேண்டும். அதற்கு, எவ்வளவு கடினம் என்று ஏற்கெனவே அளந்து வைத்த கேள்விகள் வேண்டும். புதுக் கேள்விகளை மதிப்பெண் இல்லாமல் தேர்வுக்குள்ளேயே கலந்துவிட்டு, ஆயிரக்கணக்கானவர்கள் எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்று பார்த்த பிறகுதான் அவற்றைக் கணக்கில் எடுப்பார்கள். அதனால் பழைய கேள்விகள் திரும்பத் திரும்ப வந்தே தீரும்.

இந்தச் சந்தில்தான் 'ரீகால்' நுழைகிறது. தேர்வு எழுதிவிட்டு வெளியே வந்தவர் ஞாபகம் இருக்கும் பத்துக் கேள்விகளை எழுதி வைக்கிறார். இன்னொருவர் பத்து. நூறு பேர் சேர்ந்தால் கிடங்கின் ஒரு மூலை வெளியே வந்துவிடும். டெலிகிராமில் ஒரு குரூப், கொஞ்சம் காசு, வேலை முடிந்தது. இதில் தனியாக ஒவ்வொருவரையும் கேட்டால் 'சீனியர் நோட்ஸ் கொடுத்தார், வாங்கிக்கிட்டேன்' என்றுதான் சொல்வார்கள். காலேஜில் பழைய கேள்வித்தாள் வாங்கிப் படிக்காதவர் யார்? ஆனால் இங்கே தேர்வு எழுதுபவர் கேள்விகளை வெளியே சொல்லமாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் உள்ளே உட்காருகிறார்.

2024 ஜனவரி 31 அன்று தேர்வை நடத்தும் அமைப்பு ஒரு அறிவிப்பு வெளியிட்டது. நேபாளத்தோடு தொடர்புள்ள தேர்வர்களிடம் வழக்கத்துக்கு மாறான மதிப்பெண் போக்கு தெரிகிறது, சம்பந்தப்பட்டவர்களின் முடிவுகள் செல்லாதவை ஆக்கப்படுகின்றன, விரும்பினால் சரிபார்ப்புத் தேர்வு ஒன்றை மறுபடி எழுதலாம், அல்லது மறுபரிசீலனை கேட்கலாம் என்றது. அந்தத் தேதியைக் கவனியுங்கள். ரெசிடென்ஸிக்கு நேர்முகத் தேர்வெல்லாம் முடியும் நேரம். விருப்பப் பட்டியலைக் கொடுக்கக் கடைசி நாள் பிப்ரவரி 28. யாருக்கு எந்த ஆஸ்பத்திரி என்று தெரியும் நாள் மார்ச் 15. வருடக்கணக்கில் படித்து, லட்சக்கணக்கில் செலவழித்து, பட்டியல் கொடுக்க நாலு வாரம் இருக்கும்போது 'உங்கள் மார்க் செல்லாது' என்று ஒரு மின்னஞ்சல்.

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். அந்த அறிவிப்பு 'நீ காப்பி அடித்தாய்' என்று சொல்லவில்லை. யு.எஸ்.எம்.எல்.இ. விதிகளில் இரண்டு தனித்தனிப் பாதைகள் உண்டு. ஒன்று, முறைகேடான நடத்தை: இன்னார் இன்ன தப்பைச் செய்தார் என்று நிரூபிக்க வேண்டும், தண்டனை உண்டு, அது ரெக்கார்டில் ஏறும். இன்னொன்று, மதிப்பெண்ணின் செல்லுபடி: இந்த மார்க் இந்த ஆளின் உண்மையான அறிவைக் காட்டுகிறது என்று நாங்கள் உத்தரவாதம் தர முடியவில்லை, அவ்வளவுதான். 832 பேருக்கும் இரண்டாவது பாதை. பத்திரிகைகள் 'காப்பி' என்று எழுதின. எழுதிய காகிதத்தில் அந்த வார்த்தை இல்லை. தெர்மாமீட்டர் கெட்டுப்போயிருக்கிறது என்பதற்கும் நோயாளி பொய் சொல்கிறார் என்பதற்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. ஆனால் அந்த மின்னஞ்சல் வந்தவருக்கு இரண்டும் ஒன்றுதான், அதையும் மறுப்பதற்கில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். இப்படிப்பட்ட அமைப்புகள் தங்கள் ஃபார்முலாவை முழுசாக வெளியே சொல்வதில்லை. சொன்னால் அடுத்த கும்பல் அதைத் தாண்டுவதற்கு வழி பார்க்கும். ஆனால் இந்தத் துறையில் வழக்கமாக என்ன செய்கிறார்கள் என்பது ரகசியம் இல்லை.

முதலாவது, நம் போர்பந்தல் கதை. இரண்டு பேர், இருவருமே தப்பாகப் போட்ட கேள்விகள் 40 என்று வைத்துக்கொள்வோம். தவறான விருப்பங்கள் நாலு இருந்தாலும், ஒன்று எப்போதும் மற்றவற்றைவிட மயக்கும். ஆகவே ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத இரண்டு பேர் பாதிக் கேள்விகளில் ஒரே தப்பைச் செய்வார்கள் என்று தாராளமாக எடுத்துக்கொள்வோம். 20 பொருந்தும், கொஞ்சம் முன்னே பின்னே. ஆனால் 36 பொருந்தினால்? காசைச் சுண்டி 40-இல் 36 தலை விழுவதற்குச் சமம். வாய்ப்பு ஏறக்குறைய ஒரு கோடியில் ஒன்று.

'ஒரு கோடியில் ஒன்று' என்று கேட்டவுடன் தீர்ப்பு எழுதிவிடத் தோன்றும். இங்கேதான் நிற்க வேண்டும். நாம் ஒரு ஜோடியை மட்டும் பார்க்கவில்லை. 1,000 பேர் எழுதினால் அவர்களுக்குள் ஜோடிகள் 4,99,500. 5,000 பேர் என்றால் 1,24,97,500, அதாவது ஒன்றேகால் கோடி. ஒரு கோடியில் ஒன்று என்ற வலையை ஒன்றேகால் கோடி ஜோடிகள் மேல் வீசினால், ஒரு பாவமும் அறியாத ஒரு ஜோடி சராசரியாக மாட்டும். ஜோடி எண்ணிக்கை ஆட்களின் வர்க்கத்தில் ஏறுகிறது. இதை மறந்துவிட்டு நிகழ்தகவு பேசுபவர்களை நம்பக் கூடாது. வலையின் கண்ணை அதற்கேற்ப மாற்றியாக வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சம்பந்தமில்லாத இரண்டு பேர் என்று எடுத்துக்கொண்டோமே, அது உண்மையா? ஒரே காலேஜ், ஒரே புரொஃபசர், ஒரே கோச்சிங் புத்தகம். புரொஃபசர் ஒரு விஷயத்தைத் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருந்தால் மொத்த வகுப்பும் ஒரே தப்பைச் செய்யும். அது காப்பி இல்லை, குருபக்தி. அதனால் ஒற்றுமை ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்வது ஆபத்து.

ஆகவே இரண்டாவது தம்பி: நேரம். 60 நிமிடத்தில் 40 கேள்வி என்றால் கேள்விக்கு 90 விநாடி. ஒவ்வொரு கேள்வியும் ஒரு குட்டிக் கதை: 54 வயது ஆள், மூன்று நாளாக இருமல், இந்த மருந்து சாப்பிடுகிறார், ரத்தப் பரிசோதனை முடிவுகள் இதோ என்று நூறு நூற்றைம்பது வார்த்தை ஓடும். படிக்கவே அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அதைப் பன்னிரண்டு விநாடியில் சரியாக முடித்தால் அவர் படிக்கவில்லை, அடையாளம் கண்டுகொண்டிருக்கிறார். கம்ப்யூட்டர் தேர்வில் ஒவ்வொரு க்ளிக்கின் நேரமும் பதிவாகிறது. விம் வான் டெர் லிண்டன் என்ற டச்சு ஆய்வாளர் 2006-இல் இந்தப் பதில் நேரங்களுக்கு ஒரு நல்ல புள்ளியியல் மாதிரியைக் கொடுத்தார்: ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வேகம், ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நேரப் பசி. இரண்டையும் வைத்து, இந்த ஆள் இந்தக் கேள்விக்கு எவ்வளவு நேரம் எடுக்க வேண்டும் என்று கணிக்கலாம். இயல்பிலேயே வேகமானவர் எல்லாக் கேள்வியிலும் வேகமாக இருப்பார். அது சந்தேகம் இல்லை. சில கேள்விகளில் மட்டும் மின்னல், மற்றவற்றில் மாட்டு வண்டி என்றால் சந்தேகம். வெப்சைட்டுக்கு வருவது மனுஷனா பாட்டா என்று கண்டுபிடிக்க நாங்கள் செய்வதும் கிட்டத்தட்ட இதேதான்.

மூன்றாவதுதான் எனக்கு மிகப் பிடித்தது. ஒருவருடைய விடைகளை இரண்டாகப் பிரியுங்கள்: நீண்ட நாளாகப் புழக்கத்தில் உள்ள பழைய கேள்விகள் ஒரு பக்கம், இப்போதுதான் முதன்முதலாக வெளிவரும் புதுக் கேள்விகள் இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே கடினம். படித்தவருக்கு இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மார்க் வரும். ரீகால் படித்தவருக்குப் பழையதில் 90, புதியதில் 55. இதில் அந்த ஆளை அவரோடேயே ஒப்பிடுகிறோம். எந்த ஊர், எந்தக் காலேஜ், எந்த வாத்தியார் என்பதெல்லாம் இரண்டு பக்கமும் சமமாக இருப்பதால் அடிபட்டுப் போகிறது. குருபக்தி வாதம் இங்கே செல்லாது.

இந்த மூன்றும் ஒருவரிடமே சேர்ந்து வந்தால் சந்தேகத்துக்கு இடம் மிகக் குறைவு. ஒன்று மட்டும் வந்தால் நான் தீர்ப்பு எழுத மாட்டேன்.

நேபாள மருத்துவர் ஒருவர் தன்னைப் போன்றவர்கள் சார்பில் வாஷிங்டன் ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனார். தேசத்தை வைத்துக் கட்டம் கட்டிவிட்டார்கள், இது இனப் பாகுபாடு, மேட்ச் முடிவதற்குள் மார்க்கைத் திரும்பக் கொடுக்க உத்தரவிட வேண்டும் என்பது வாதம். நீதிபதி ஜேம்ஸ் போஸ்பெர்க் 2024 பிப்ரவரி 23 அன்று அந்த இடைக்காலத் தடையைக் கொடுக்க மறுத்துவிட்டார். நேபாளத்தோடு தொடர்புள்ள எல்லோருடைய மார்க்கையும் எடுக்கவில்லை, அந்தக் கூட்டத்துக்குள் விடைப் போக்கு சந்தேகத்துக்கு இடமானவர்களுடையதைத்தான் எடுத்தார்கள் என்பது ஒரு காரணம். தகுதி உறுதியாகாதவர் நோயாளி பக்கத்தில் நிற்பதால் பொதுமக்களுக்கு வரும் ஆபத்து இன்னொன்று.

சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனாலும் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. முதலில் ஒரு நாட்டைச் சுற்றி வட்டம் போட்டு, அப்புறம் வட்டத்துக்குள் தேடினால், வட்டத்துக்கு வெளியே உள்ளவர்கள் அதே அளவு வேகத்தில் தப்பித்திருக்கலாம். டார்ச் அடித்த இடத்தில்தான் பாம்பு தெரியும். அதே நேரம் இன்னொன்றும் உண்டு: கசிவு எப்போதும் ஒரு ஊரில், ஒரு மொழிக் குழுவில், ஒரு நண்பர் வட்டத்தில்தான் பரவும். எல்லா நாட்டிலும் சமமாகக் கசிவதில்லை. எனவே வட்டம் போட்டதே தப்பு என்றும் சொல்லிவிட முடியாது.

'ஏழை நாட்டுக்காரன்தான் காப்பி அடிப்பான்' என்று யாராவது ஆரம்பித்தால் இரண்டு விஷயங்களைச் சொல்லுங்கள். 2010-இல் அமெரிக்க உள்மருத்துவ வாரியம் 139 மருத்துவர்கள் மீது நடவடிக்கை எடுத்தது. நியூஜெர்ஸியில் ஒரு கோச்சிங் நடத்தியவரோடு சேர்ந்து வாரியத் தேர்வின் கேள்விகளைக் கொடுத்ததும் வாங்கியதும் காரணம். 2012-இல் சி.என்.என். வெளியிட்ட செய்தி இன்னும் சுவாரசியம்: அமெரிக்க ரேடியாலஜி பயிற்சி மருத்துவர்கள் வருடக்கணக்காக வாரியத் தேர்வுக் கேள்விகளை மனப்பாடம் செய்து வந்து எழுதி வைத்து, ஜூனியர்களுக்குக் கைமாற்றி வந்திருக்கிறார்கள். அதற்கும் அவர்கள் வைத்த பெயர் 'ரீகால்'தான். இவை லைசென்ஸ் தேர்வுகள் இல்லை, அதற்கு மேல் உள்ள சிறப்புத் தகுதித் தேர்வுகள். ஆனால் பழக்கம் ஒன்றே.

நம் ஊரில் இதே கணக்கு வேறு வேஷத்தில் வந்தது. மத்தியப் பிரதேசத்தின் வியாபம் ஊழல். அது லைசென்ஸ் தேர்வு அல்ல, எம்.பி.பி.எஸ். நுழைவுத் தேர்வு. அங்கே 'இன்ஜின்', 'போகி' என்று ஒரு ஏற்பாடு: நன்றாகப் படித்த ஒருவரை இன்ஜினாக உட்கார வைப்பார்கள், காசு கொடுத்தவர் போகியாக அவருக்குப் பின்னால். ரோல் நம்பரையே அதற்கேற்ப மாற்றிவிடுவார்கள். பிறகு விசாரித்தபோது அடுத்தடுத்து உட்கார்ந்த ஜோடிகளின் விடைத்தாள்களை ஒப்பிட்டார்கள். எதை ஒப்பிட்டார்கள் தெரியுமா? பொருந்திப்போன தப்பு விடைகளை. போர்பந்தலேதான்! இங்கே ஒரு வசதி, எல்லோரையும் எல்லோரோடும் ஒப்பிடத் தேவையில்லை; பக்கத்து சீட்டை மட்டும் பார்த்தால் போதும். ஜோடிகள் வர்க்கத்தில் பெருகும் தொல்லை இல்லாததால் கணக்கு ரொம்ப வலுவாக நிற்கும்.

அந்த 634 மாணவர்களின் கதையில் காலம்தான் கொடுமை. 2008 முதல் 2012 வரை சேர்ந்தவர்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்து 2016 மே மாதம் இரண்டு நீதிபதிகள் வேறு வேறு தீர்ப்பு எழுதினார்கள். நீதிபதி செலமேஸ்வர், படித்து முடித்தவர்களின் படிப்பை வீணாக்காமல், ஐந்து வருடம் ராணுவத்தில் சம்பளமில்லாமல் வேலை செய்யட்டும் என்ற மாதிரி யோசனை சொன்னார். நீதிபதி சப்ரே ஒத்துக்கொள்ளவில்லை. 2017 பிப்ரவரியில் மூன்று நீதிபதிகள் அமர்வு சேர்க்கையே ரத்து என்று முடித்தது. கிட்டத்தட்ட ஒன்பது வருடம். அதற்குள் பலர் கோர்ஸை முடித்துவிட்டார்கள்.

எல்லாப் புள்ளியியலும் ஒரே பலம் உள்ளதில்லை என்பதற்கும் நம்மிடமே உதாரணம் இருக்கிறது. 2024 நீட் விவகாரத்தில் மத்திய அரசு ஐ.ஐ.டி. மெட்ராஸிடம் ஒரு ஆய்வு வாங்கி சுப்ரீம் கோர்ட்டில் கொடுத்தது. மதிப்பெண்களின் பரவல் வழக்கமான மணி வடிவில் இருக்கிறது, பெரிய அளவில் முறைகேடு தெரியவில்லை என்றது அது. கோர்ட்டும் ஜூலை 23 அன்று மறுதேர்வு தேவையில்லை என்றது. ஆனால் பாட்னாவிலும் ஹசாரிபாக்கிலும் கசிந்தது உண்மை; பலன் அடைந்தவர்கள் சுமார் 155 பேர் என்பது சி.பி.ஐ. கணக்கு. எழுதியவர்களோ 23 லட்சத்துக்கு மேல். 23 லட்சம் பேரின் மணி வளைவில் 155 பேர் ஒரு கொசு உட்கார்ந்த அளவுகூட இல்லை. பெரிய அளவில் கசியவில்லை என்று சொல்ல அந்த ஆய்வு போதும். யாருமே ஏமாற்றவில்லை என்று சொல்லப் போதாது. காகிதத்தில் ஓ.எம்.ஆர். தேர்வு என்பதால் விடை நேரம் என்ற சாட்சியும் கிடையாது.

இவ்வளவு களேபரத்துக்கு அர்த்தம் இருக்கிறதா? தேர்வு மார்க்குக்கும் நல்ல டாக்டருக்கும் சம்பந்தம் உண்டா? எம்.பி.பி.எஸ். நண்பர்களிடம் கேட்டால் பாதிப் பேர் 'மார்க்கு வேற, வைத்தியம் வேற' என்பார்கள். டேட்டா அப்படிச் சொல்லவில்லை. ஜான் நார்சினி குழுவினர் பென்சில்வேனியாவில் வெளிநாட்டில் படித்த மருத்துவர்கள் பார்த்த சுமார் 61,000 ஆஸ்பத்திரி அனுமதிகளை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். இரண்டாவது ஸ்டெப்பில் ஒவ்வொரு மார்க் கூடும்போதும் நோயாளி இறக்கும் வாய்ப்பு 0.2 சதவீதம் குறைந்திருந்தது. ஒரு மார்க்குக்கு ஒன்றுமில்லைதான். இருபது மார்க் வித்தியாசம் என்றால் ஏறக்குறைய 4 சதவீதம். கனடாவில் ராபின் டாம்ப்லின் குழு 2007-இல் 3,424 மருத்துவர்களைப் பின்தொடர்ந்து, லைசென்ஸ் தேர்வில் நோயாளியோடு பேசும் பகுதியில் குறைவாக வாங்கியவர்கள் மேல் பின்னாளில் புகார்கள் அதிகம் வந்ததைக் காட்டியது. தேர்வு மட்டுமே எல்லாம் இல்லை. ஆனால் எதையோ அளக்கிறது, அதை ஏமாற்றினால் அந்த ஏதோவொன்று இல்லாமலே ஒருவர் வார்டுக்குள் வருகிறார்.

நம் நாட்டில் வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு எஃப்.எம்.ஜி.இ. என்ற தேர்வு உண்டு. 2002-இல் தொடங்கியது. 300 கேள்வி, 150 எடுத்தால் பாஸ், எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம். பெரும்பாலானோர் ஒவ்வொரு முறையும் ஃபெயில் ஆகிறார்கள். இதில் ரீகால், டெலிகிராம், புள்ளியியல் என்றெல்லாம் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவைப்படவில்லை. 2022 டிசம்பரில் சி.பி.ஐ. 91 இடங்களில் சோதனை போட்டது. தேர்வே பாஸ் செய்யாத 73 பேர் 14 மாநில மருத்துவ கவுன்சில்களில் டாக்டராகப் பதிவு செய்துகொண்டார்கள் என்பது வழக்கு. பாஸ் ஆகிவிட்டோம் என்று ஒரு சான்றிதழைக் காட்டியிருக்கிறார்கள். கவுன்சில்காரர் தேர்வு நடத்தும் அமைப்பிடம் ரோல் நம்பரைக் கொடுத்து ஒருமுறை கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.